வட்டு கைமாறும் நொடி

1979 செப்டம்பரில் நார்வேயின் தலைநகர் ஓஸ்லோவில் அமெரிக்க ஐஸ் ஹாக்கி அணி ஒரு நட்பு ஆட்டத்தில் நார்வேயுடன் 3-3 என்று சமன் செய்தது. ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தபோது, பயிற்சியாளர் ஹெர்ப் புரூக்ஸ் தன் வீரர்களை மறுபடியும் பனித்தளத்தின் ஓரத்தில் வரிசையாக நிறுத்தினார். கோல் கோட்டிலிருந்து முதல் நீலக்கோடு வரை பாய்ந்து திரும்ப வேண்டும். அடுத்து நடுவிலுள்ள சிவப்புக் கோடு வரை போய்த் திரும்ப வேண்டும். பிறகு எதிர்ப்புறத்து நீலக்கோடு, கடைசியாக மறுமுனைக் கோல் கோடு. மூச்சு வாங்குவதற்குள் அடுத்த விசில் ஒலிக்கும். அரங்க ஊழியர்கள் விளக்குகளை அணைத்துவிட்டார்கள். இருட்டிலும் விசில் ஓயவில்லை.

ஐந்து மாதம் கழித்து, 1980 பிப்ரவரி 22 அன்று, லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் அதே இளைஞர்கள் சோவியத் அணியை 4-3 என்று வீழ்த்தினார்கள். மூன்றாம் பகுதி தொடங்கும்போது 2-3 என்று பின்தங்கியிருந்த அணி, கடைசி இருபது நிமிடத்தில் இரண்டு கோல் போட்டது. அன்றிலிருந்து ஓஸ்லோ இரவும் லேக் பிளாசிட் வெற்றியும் ஒரே கதையின் இரு பாதிகளாகச் சொல்லப்படுகின்றன. ‘ஹெர்பி’ என்றே பெயர் பெற்றுவிட்ட அந்தக் கோட்டோட்டம் உலகெங்கும் ஐஸ் ஹாக்கிப் பயிற்சிகளில் இன்னமும் நடக்கிறது.

அந்தக் கதையை நான் பாதிதான் நம்புகிறேன். கோட்டோட்டம் உடலுக்குச் செய்வது என்ன, செய்யாதது என்ன என்று பிரித்துப் பார்த்தால், இந்த விளையாட்டில் பயிற்சி என்பதன் அறிவியல் முழுவதும் அங்கிருந்தே விரிகிறது.

முதலில் செய்வதைப் பார்ப்போம். ஐஸ் ஹாக்கியில் ஒரு நேரத்தில் கோல்கீப்பரோடு சேர்த்து ஆறு பேர்தான் களத்தில் இருப்பார்கள். ஒருவர் தொடர்ந்து ஆடுவது சுமார் 45 வினாடி. அதன்பின் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பலகைத் தடுப்பைத் தாண்டி வெளியேறுவார், இன்னொருவர் உள்ளே குதிப்பார். இந்த 45 வினாடிக்கு ஓர் உடலியல் காரணம் இருக்கிறது. முழு விசையோடு இயங்கும் தசை முதல் பத்து வினாடி போல, தன்னிடம் தயாராக இருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட்டைக் கொண்டு சமாளிக்கிறது. அதன்பின் ஆக்சிஜன் வந்து சேரக் காத்திராமல் குளுக்கோஸை உடைக்கும் வழிக்கு மாறுகிறது. அந்த வழி வேகமானது, ஆனால் தசையில் அமிலத்தன்மை ஏறுகிறது, கால் கனக்கிறது. ஒரு நிமிடத்தை நெருங்கும்போது வேகம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு விழுந்துவிடும். ஒரு முழு ஹெர்பியின் தூரம் 260 முதல் 270 மீட்டர். இடையில் ஏழு முறை முழுதாக நின்று திரும்ப வேண்டும். தேர்ந்த வீரருக்கு அது ஏறக்குறைய ஒரு முறை களமிறங்கி ஆடும் நேரம்தான். ஆக, புரூக்ஸின் ஓட்டம் சரியான எரிபொருள் வழியைத்தான் சோதித்தது. லேக் பிளாசிடின் மூன்றாம் பகுதியில் அமெரிக்கர்களின் கால்கள் சோராமல் இருந்ததற்கு அந்த உழைப்பில் பங்கு உண்டு.

ஆனால் ஆட்டத்தில் யாரும் கோட்டுக்குக் கோடு நேராக ஓடுவதில்லை. வளைகிறார்கள், குறுக்கே வெட்டுகிறார்கள், பின்னோக்கிப் போகிறார்கள், பார்வையை ஒரு பக்கமும் உடலை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு வழுக்குகிறார்கள். அதைக் கற்றுக்கொடுக்க, பனிக்கட்டியின் இயல்பிலிருந்து தொடங்க வேண்டும்.

பனிக்கட்டி ஏன் வழுக்குகிறது என்ற கேள்விக்கு நம் பள்ளிப் புத்தகங்கள் சொன்ன பதில், பிளேடின் அழுத்தத்தில் பனி உருகி நீராகிறது என்பது. அந்தக் கணக்கு தேறாது. பனியின் உருகுநிலையை ஒரே ஒரு டிகிரி இறக்கச் சுமார் 135 வளிமண்டல அழுத்தம் வேண்டும். மெல்லிய பிளேடில் ஒரு மனிதர் ஏறி நின்றாலும் உருகுநிலை சில டிகிரிக்கு மேல் இறங்குவது கடினம். ஆனால் கடும் குளிரிலும் பனி வழுக்கத்தான் செய்கிறது. பனிக்கட்டியின் மேற்பரப்பிலுள்ள மூலக்கூறுகளுக்கு மேலே பற்றிக்கொள்ளத் துணை இல்லை. அதனால் அவை உள்ளே இருப்பவை போல இறுக்கமாகப் பிணைந்திராமல் தளர்வாக நகர்கின்றன. மைக்கேல் ஃபாரடே 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே பனியின் மேல் நீர் போன்ற ஒரு மெல்லிய படலம் இருப்பதாக ஊகித்தார். 1939இல் பௌடன், ஹியூஸ் என்ற ஆய்வாளர்கள் உராய்வின் வெப்பம் பனியை உருக்குவதைக் காட்டினார்கள். 2018இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் டேனியல் பான் உள்ளிட்ட ஆய்வாளர்கள், பனியில் உராய்வு மிகக் குறைவாக இருப்பது மைனஸ் 7 டிகிரி செல்சியஸை ஒட்டி என்று அளந்தார்கள். அதைவிடக் குளிர்ந்தால் மேற்பரப்பு மூலக்கூறுகளின் அசைவு குறைகிறது. வெப்பம் கூடினால் பனி மிருதுவாகி, பிளேடு அதில் உழத் தொடங்குகிறது. வேகச் சறுக்கு அரங்குகளைப் பராமரிப்பவர்கள் நீண்டகால அனுபவத்தில் வந்து சேர்ந்திருந்த வெப்பநிலையும் அதுவே. ஹாக்கித் தளமும் அதற்கு அருகில்தான் வைக்கப்படுகிறது.

இப்படிப்பட்ட பரப்பில் பிளேடின் நீளவாக்கில் உராய்வு, உடல் எடையில் நூற்றில் ஒரு பங்குகூடக் கிடையாது. தரையில் ஓடும்போது காலைப் பின்னால் உந்துகிறோம், தரை நம்மை முன்னால் தள்ளுகிறது. பனியில் காலை நேராகப் பின்னால் உந்தினால் பிளேடு வழுக்கிக்கொண்டு பின்னால் போய்விடும், ஆள் நகரமாட்டார். உந்துவதற்கு ஒரே வழி பக்கவாட்டில் உந்துவது. பிளேடைச் சற்று வெளிப்பக்கம் திருப்பி, அதன் நீளத்துக்குச் செங்குத்தாகத் தள்ளினால் பனி எதிர்த்துத் தள்ளும். அந்த விசையின் ஒரு கூறு நம்மை முன்னே கொண்டுபோகும். ஸ்கேட்டர் இடமும் வலமுமாக நெளிந்து போவதற்குக் காரணம் இதுதான். புதிதாகக் கற்கும் பிள்ளை, பனி மேல் நடக்கப் பார்த்து, நின்ற இடத்திலேயே கால் உதறுவதற்கும் இதுவே காரணம். 2025இல் உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப்பில் 1,000 மீட்டரில் தங்கம் வென்ற சென்னை வீரர் ஆனந்த்குமார் வேல்குமார் ஓடியது சக்கர ஸ்கேட்டில், பனியில் அல்ல. ஆனால் அவர் உந்துவதும் இதே பக்கவாட்டு இயற்பியலைக் கொண்டுதான்.

ஹாக்கி பிளேடு சுமார் 3 மில்லிமீட்டர் தடிமன். அதன் அடிப்பகுதி தட்டையாக இராது. நீளவாக்கில் ஒரு குழிவு தீட்டப்பட்டிருக்கும். அந்தக் குழிவினால் ஒவ்வொரு பிளேடுக்கும் இரண்டு கூர்விளிம்புகள், உள்விளிம்பு, வெளிவிளிம்பு. இரண்டு காலுக்கு நான்கு விளிம்புகள், ஒவ்வொன்றிலும் முன்னோக்கியும் பின்னோக்கியும் போகலாம். பெரும்பாலான வீரர்களுக்கு இந்த எட்டில் இரண்டு மூன்று பலவீனமாக இருக்கும். வெளிவிளிம்பில் நிற்பது உடலுக்கு இயல்பாக வராது, விழுந்துவிடுவோம் என்ற பயம் இருக்கும். எதிராளிகள் இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். இடப்பக்கம் திரும்பத் தடுமாறும் தடுப்பாட்டக்காரரை அந்தப் பக்கமாகவே தாண்டிப் போவார்கள்.

அதனால்தான் வட்டப் பயிற்சி. ஹாக்கித் தளத்தில் ஐந்து பெரிய வட்டங்கள் வரையப்பட்டிருக்கும், ஒவ்வொன்றின் ஆரமும் சுமார் 4.5 மீட்டர். வீரர்கள் ஒரு வட்டத்தை இடஞ்சுழியாகவும் அடுத்ததை வலஞ்சுழியாகவும் சுற்றி ஐந்தையும் கடக்க வேண்டும். சும்மா சுற்றுவது போலத்தான் தெரியும். கணக்குப் போட்டால் அதன் கடுமை புரியும். வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 22 கிலோமீட்டர் போல, அந்த வட்டத்தைச் சுற்றினால் மையத்தை நோக்கித் தேவைப்படும் முடுக்கம் புவியீர்ப்பின் ஐந்தில் நான்கு பங்கு. உடலைச் செங்குத்திலிருந்து 39 டிகிரி சாய்த்தால்தான் விழாமல் சுற்ற முடியும். வேகத்தை வினாடிக்கு 7 மீட்டராக ஏற்றினால் சாய்வு 48 டிகிரியாகிவிடும். அந்தச் சாய்வில் கால்கள் தாங்குவது உடல் எடையின் ஒன்றரை மடங்கு. அந்தச் சுமையோடுதான் வெளிக்காலை உள்காலுக்கு மேலாகத் தாண்டி வைக்க வேண்டும். இதைத்தான் கிராஸ்ஓவர் என்கிறார்கள். வெளிக்கால் உள்விளிம்பால் உந்தும்போது பலம் கிடைப்பது எல்லோருக்கும் தெரியும். அது தாண்டிப் போகும் நேரத்தில் அடியில் மாட்டிக்கொண்ட உள்கால் வெளிவிளிம்பால் உந்த வேண்டும். பெரும்பாலோர் அந்த உந்தலைச் செய்யாமலே காலைத் தூக்கிவிடுகிறார்கள், பாதி வேகம் அங்கே போய்விடுகிறது. நல்ல பயிற்சியாளர் வட்டப் பயிற்சியில் பார்ப்பது அந்த உள்காலை மட்டும்தான்.

இந்த நுணுக்கங்களைத் தனிக் கலையாக எடுத்து ஹாக்கிக்காரர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் முன்னோடி லாரா ஸ்டாம் என்ற பெண்மணி. 1970களில், வட அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.ஹெச்.எல்.இல் ஆடும் நியூயார்க் ஐலண்டர்ஸ் அணியின் பாப் நிஸ்ட்ராம் அவரிடம் ஸ்கேட்டிங் கற்றார். முரட்டு உடலும் தடுமாறும் காலுமாக இருந்த அந்த வீரர்தான் 1980இல் அந்த லீகின் ஸ்டான்லி கோப்பையைத் தீர்மானித்த கூடுதல் நேர கோலை அடித்தார். பிற்பாடு, 1984இல் ஜோடி ஃபிகர் ஸ்கேட்டிங்கில் உலகச் சாம்பியனான கனடாவின் பார்பரா அண்டர்ஹில் என்.ஹெச்.எல். அணிகளுக்கு ஸ்கேட்டிங் பயிற்சியாளரானார். முட்டி மோதும் ஆண்களின் விளையாட்டு என்று பேர்பெற்ற ஒன்றில், விளிம்புகளின் அறிவைக் கொண்டுவந்து சேர்த்தது இந்தப் பெண்கள். அதற்குரிய புகழ் அவர்களுக்கு இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

வேகமான கால் மட்டும் போதாது, ஏனென்றால் வட்டு எந்தக் காலையும்விட வேகமானது. ‘பக்’ என்று அழைக்கப்படும் அந்த ரப்பர் வட்டின் விட்டம் 7.6 சென்டிமீட்டர், தடிமன் 2.5 சென்டிமீட்டர், எடை 156 முதல் 170 கிராம். ரப்பர் துள்ளும் என்பதால் ஆட்டத்துக்கு முன் உறைய வைப்பார்கள். உறைந்த வட்டு பனியோடு ஒட்டிப் படுத்து வழுக்கும். உலகின் மிக வேகமான வீரர்கள் மணிக்கு 32 கிலோமீட்டரைத் தாண்டுவார்கள், வினாடிக்கு 9 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 20 மீட்டரில் தள்ளப்படும் ஒரு திடமான பாஸ், 15 மீட்டரை முக்கால் வினாடியில் கடந்துவிடும். அதே தூரத்தை அந்த வீரர் வட்டோடு சறுக்கிக் கடக்க இரண்டு மடங்குக்கு மேல் நேரமாகும்.

அந்தப் பாஸை வாங்குவதில் ஓர் இயற்பியல் பாடம் இருக்கிறது. 170 கிராம் வட்டு வினாடிக்கு 20 மீட்டரில் வருகிறது. ஸ்டிக்கை விறைப்பாகப் பிடித்து அதை வினாடியின் நூற்றில் ஒரு பங்கில் நிறுத்தப் பார்த்தால், சுமார் 35 கிலோ எடைக்கு ஈடான விசை ஸ்டிக்கின் மேல் மோதும், வட்டு தெறித்துப் போகும். வட்டு தொடும்போதே ஸ்டிக்கை அது போகும் திசையில் சற்றே பின்வாங்கி, அதே நிறுத்தத்தை ஐந்து மடங்கு நேரத்துக்கு நீட்டினால் விசை 7 கிலோவுக்கு இறங்கிவிடும். வட்டு ஸ்டிக்கோடு தங்கும். ‘மென்மையான கை’ என்று ஹாக்கி உலகம் புகழ்வது இந்த இருபதில் ஒரு பங்கு வினாடியைத்தான். கொடுப்பவருக்கும் வேலை உண்டு. வட்டு ஸ்டிக்கின் குதிப்பகுதியில் தொடங்கி நுனி வரை உருண்டு கிளம்பினால் அதற்குச் சுழற்சி கிடைக்கும். சுழலும் வட்டு தன் தளத்தை மாற்றிக்கொள்ளாது, படுத்தபடியே போகும். குறுக்கே கிடக்கும் எதிராளியின் ஸ்டிக்குக்கு மேலாகப் பறந்து, மறுபுறம் தட்டையாக இறங்கிச் சறுக்கும் ‘சாஸர்’ பாஸ் சாத்தியமாவது இந்தச் சுழற்சியால்தான்.

இரண்டு பேர் எதிரெதிரே நின்றுகொண்டு வட்டைத் தள்ளிக்கொள்ளும் பயிற்சியை எல்லா இடத்திலும் பார்க்கலாம். கை பழக அது வேண்டும், ஒரு வாரத்துக்கு. அதற்குமேல் அது ஆட்டத்தில் வராத ஒரு திறனைத்தான் கூர்மையாக்கும். ஆட்டத்தில் கொடுப்பவரும் நகர்கிறார், வாங்குபவரும் நகர்கிறார். வாங்குபவர் வினாடிக்கு 8 மீட்டரில் போகிறார், பாஸ் முக்கால் வினாடி பயணிக்கும் என்றால், அவர் இப்போது இருக்கும் இடத்திலிருந்து 6 மீட்டர் முன்னால் வட்டை அனுப்ப வேண்டும். அங்கே இப்போது யாரும் இல்லை. அந்த வெற்றிடத்துக்கு வட்டை நம்பி அனுப்பக் கண் நிமிர்ந்திருக்க வேண்டும். கண் நிமிர, வட்டு ஸ்டிக்கில் இருக்கிறதா என்பதை விரல்கள் உணர்ந்துகொள்ள வேண்டும். தலை கவிழ்ந்த வீரருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. எதிரே முழு வேகத்தில் வரும் ஆளை அவர் பார்க்கமாட்டார்.

குதிரைலாட வடிவப் பயிற்சி என்று ஒன்று இருக்கிறது. இரண்டு எதிர் மூலைகளிலும் வீரர்கள் வட்டுகளோடு நிற்பார்கள். ஒரு மூலையிலிருந்து ஒருவர் வட்டில்லாமல் கிளம்பி, நடுப்பகுதியில் லாடம் போல வளைந்து திரும்புவார். வளைவின் நடுவில், வேகம் குறையாமல், எதிர் மூலையிலிருந்து வரும் பாஸை வாங்கிக் கோலை நோக்கிப் போவார். சாய்வு, கிராஸ்ஓவர், தோளுக்கு மேல் பார்ப்பது, மென்மையான கை எல்லாம் ஒரே ஐந்து வினாடிக்குள் கூடி வருகின்றன. தனித்தனியாகக் கற்றவற்றை ஒன்றாகக் கோர்க்க இதைவிட எளிய பயிற்சி இல்லை. ஆனாலும் இதில் ஒரு குறை. பாஸ் எப்போது வரும், எங்கே வரும் என்று எல்லோருக்கும் தெரியும். வட்டைப் பறிக்க யாரும் இல்லை.

பறிபோகும் நொடிதான் ஐஸ் ஹாக்கியின் உயிர். நம் கபடியில் பாடி வந்தவர் ஒருவரைத் தொட்ட மாத்திரத்தில், அதுவரை அவரிடமிருந்து விலகிக்கொண்டிருந்தவர்களே அவரை மறித்துப் பிடிக்கப் பாய்கிறார்களே, அந்தத் தலைகீழ் மாற்றம் ஐஸ் ஹாக்கியில் ஆட்டம் நெடுக, நிமிடத்துக்கு நிமிடம் நிகழ்கிறது. டிரான்சிஷன் என்று சொல்லப்படும் இந்த நொடியில், தாக்கிக்கொண்டிருந்த அணியின் உடல்கள் எல்லாம் தவறான திசையில் போய்க்கொண்டிருக்கின்றன. வினாடிக்கு 8 மீட்டரில் முன்னேறிக்கொண்டிருந்த ஒருவர், வட்டு பறிபோனதை உணர்ந்து கால் திருப்புவதற்குள் அரை வினாடி போனால், 4 மீட்டர் தவறான பக்கம் போயிருப்பார். அதே அரை வினாடியில் எதிரணியின் பாஸ் 10 மீட்டர் மறுபக்கம் போயிருக்கும். முழுதாக நின்று மறுபடி வேகமெடுப்பவர், சேர்த்து வைத்திருந்த இயக்க ஆற்றலை எல்லாம் பனித்தூளாகச் சிதறடித்துவிடுகிறார். ஒடுங்கிய வளைவில் சாய்ந்து திரும்புபவர் அதில் கணிசமானதைக் காப்பாற்றிக்கொள்கிறார். எப்போது நிற்பது, எப்போது வளைவது என்ற தெரிவு இந்த விளையாட்டில் ஒரு பெரிய அறிவு. ஹெர்பி ஓட்டம் அதைக் கற்றுத்தருவதில்லை. அதில் கோடு வந்தால் நின்றாக வேண்டும், அவ்வளவுதான்.

இந்த நொடியை மையமாக்கி ஆட்டத்தையே மாற்றி எழுதியவர்கள் சோவியத் நாட்டவர். அங்கே ஐஸ் ஹாக்கி வருமுன் பாண்டி என்ற விளையாட்டு இருந்தது. கால்பந்து மைதானம் அளவுள்ள பனிவெளியில், அணிக்குப் பதினொரு பேர், பந்தைத் தட்டிக் கொடுத்து ஆடுவது. ஐஸ் ஹாக்கிக்கான சோவியத் லீக் 1946இல்தான் தொடங்கியது. எட்டே ஆண்டில், 1954இல், முதன்முறை கலந்துகொண்ட உலகச் சாம்பியன்ஷிப்பிலேயே ஸ்டாக்ஹோமில் கனடாவை 7-2 என்று வென்று பட்டம் பெற்றார்கள். கால்பந்தும் பாண்டியும் ஆடி வளர்ந்த அனத்தோலி தராசொவ், அர்க்காதி செர்னிஷெவுடன் சேர்ந்து பயிற்றுவித்த அணி 1963 முதல் 1971 வரை ஒன்பது உலகப் பட்டங்களைத் தொடர்ந்து வென்றது. கனடா வீரர்கள் வட்டை எதிரணிப் பகுதிக்குள் அடித்துவிட்டு, பின்னால் துரத்திப் போய் உடல் பலத்தால் மீட்பார்கள். சோவியத் அணி வட்டை எளிதில் விட்டுக்கொடுக்காது. நீலக்கோட்டில் வழி அடைத்திருந்தால் வட்டைத் தங்கள் பக்கமே திருப்பிக் கொண்டுபோய், ஐந்து பேரும் வளைந்து இடம் மாறி, வேகத்தோடு மறுபடி வருவார்கள்.

இதற்கு ஒரு விதியும் காரணம். தாக்கும் அணியினர் வட்டுக்கு முன்னால் எதிரணியின் நீலக்கோட்டைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ஆஃப்சைடு. எனவே வட்டும் ஆட்களும் ஒரே சமயத்தில், அதுவும் முழு வேகத்தில், அந்தக் கோட்டை அடைவது ஒரு கால ஒத்திசைவுக் கணக்கு. கோட்டருகே வேகம் தணித்துக் காத்து நிற்பவர் எளிய இரை. பின்னால் போய் வேகத்தைக் கூட்டிக்கொண்டு வருபவரைத் தடுப்பது கடினம். 1972 செப்டம்பர் 2 அன்று மான்ட்ரியாலில், சோவியத் அணியுடனான எட்டு ஆட்டத் தொடரின் முதல் ஆட்டத்தில், கனடாவின் தொழில்முறை நட்சத்திரங்கள் முதல் சில நிமிடங்களிலேயே 2-0 என்று முந்தினார்கள். ஆட்டம் முடிந்தபோது 7-3 என்று சோவியத் அணி வென்றிருந்தது. அந்தத் தொடரை இறுதியில் கனடாதான் வென்றது, ஆனால் அந்த முதல் இரவு வட அமெரிக்கப் பயிற்சியாளர்களைத் தங்கள் பயிற்சிமுறையைத் திரும்பிப் பார்க்க வைத்தது. அப்படிப் பார்த்தவர்களில் ஒருவர் ஹெர்ப் புரூக்ஸ். 1980 அணிக்கு அவர் ஊட்டியது கோட்டோட்டத்தின் வலு மட்டுமல்ல, ஐரோப்பியப் பாணியில் இடம் மாறி வளைந்து வட்டைக் கைமாற்றும் ஆட்டமும்கூட. லேக் பிளாசிட் கதையின் மறந்துபோன மறுபாதி என்று நான் சொல்வது இதைத்தான்.

திரும்பச் சேரும் அந்தப் பயிற்சி இன்று எல்லா நாட்டிலும் இருக்கிறது. மூன்று முன்கள வீரர்கள் வட்டோடு வருகிறார்கள், இரண்டு தடுப்பாட்டக்காரர்கள் எதிரே பின்னோக்கிச் சறுக்குகிறார்கள். திடீரென்று பயிற்சியாளர் விசிலடித்து இன்னொரு வட்டைத் தடுப்பாட்டக்காரர் ஒருவரிடம் தள்ளுகிறார். பழைய வட்டு செத்தது. முன்கள வீரர்கள் மூவரும் வேகம் விடாமல் வளைந்து, புதிய வட்டைப் பெறும்படி மூன்று தனித்தனிப் பாதைகளில் வந்து சேர வேண்டும். தடுப்பாட்டக்காரர் முதுகு காட்டிய நிலையிலிருந்து இடுப்பைத் திறந்து, ஒரே அசைவில் முன்னோக்கித் திரும்பி, பாஸ் கொடுக்க வேண்டும். பின்னோக்கிச் சறுக்கும்போது அவர் கால்கள் ஆங்கில ‘சி’ எழுத்தைப் போலப் பனியை வெட்டுகின்றன. பின்னோக்கிய வேகம் எப்போதும் முன்னோக்கிய வேகத்தைவிடக் குறைவு. அதனால் தனக்கும் எதிராளிக்கும் நடுவே ஒன்றிரண்டு ஸ்டிக் நீளம் இடைவெளியைக் காத்தபடியே, இனி தாங்காது என்ற கணத்தில் திரும்பிவிட வேண்டும். அந்தக் கணத்தை எந்தக் கோடும் காட்டித்தராது. எதிரே வருபவரின் உடலில்தான் படிக்க வேண்டும். கால்கரி பல்கலைக்கழகத்தின் ஜோன் விக்கர்ஸ், கண் எங்கே நிலைக்கிறது என்று பதிவுசெய்யும் கருவியை ஹாக்கி வீரர்களுக்கு மாட்டி ஆராய்ந்தவர். சரியான இடத்தில் சரியான நேரம் பார்வையை நிறுத்துவது தேர்ந்தவர்களின் அடையாளம் என்பது அவரது நெடுநாள் ஆய்வின் முடிவு.

பார்வையும் தெரிவும் கலந்த இப்படிப்பட்ட திறனைப் பழக்குவது எப்படி? 1920களில் மாஸ்கோவில் நிகலாய் பெர்ன்ஷ்டைன் என்ற உடலியலாளர் சம்மட்டி அடிக்கும் தொழிலாளர்களைப் படம்பிடித்து ஆராய்ந்தார். கைதேர்ந்தவரின் சம்மட்டி ஒவ்வொரு முறையும் உளியின் தலையில் ஏறக்குறைய ஒரே இடத்தில் இறங்கியது. ஆனால் தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகியவற்றின் அசைவு ஒவ்வோர் அடியிலும் வேறாக இருந்தது. மூட்டுகள் ஒன்றின் பிழையை மற்றொன்று சரிக்கட்டிக்கொண்டிருந்தன. பயிற்சி என்பது ஒரே விடையைத் திரும்பத் திரும்ப ஒப்பிப்பது அல்ல, ஒரே சிக்கலைத் திரும்பத் திரும்பத் தீர்ப்பது என்ற முடிவுக்கு அவர் வந்தார். ஓஸ்லோ இரவு நடந்த அதே 1979இல், அமெரிக்காவில் ஜான் ஷே, ராபின் மார்கன் இருவரும் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார்கள். மரத்தடுப்புகளைக் குறிப்பிட்ட வரிசையில் வேகமாகத் தட்டிவிட வேண்டும், மூன்று விதமான வரிசைகள். ஒரு குழு ஒரு விதத்தை முழுதாகப் பழகிவிட்டு அடுத்ததற்குப் போனது. மற்றொரு குழு மூன்றையும் கலைத்துக் கலைத்துப் பழகியது. பழகும்போது முதல் குழுவே வேகம். பத்து நாள் கழித்துச் சோதித்தபோது கலைத்துப் பழகியவர்களே முந்தினார்கள். பயிற்சி நேரத்தில் நேர்த்தியாகத் தெரிவது கற்றல் ஆகிவிடாது என்பதை அதன்பின் பல ஆய்வுகள் வேறுவேறு திறன்களில் கண்டன.

இதை ஐஸ் ஹாக்கிக்குப் பொருத்தினால், கூம்புகளைச் சுற்றிப் போகும் பயிற்சியின் எல்லை விளங்கும். கூம்பு வட்டைப் பறிக்காது, ஏமாற்றாது, வழி மறிக்காது. விளிம்பில் நிற்கவே தெரியாத பிள்ளைக்குக் கூம்பு வேண்டும், வட்டப் பயிற்சியை இரு பக்கமும் நூறு முறை செய்ய வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. நிற்கத் தெரிந்த மறுநாளே அதனிடமிருந்து ஒருவரை விட்டு வட்டைப் பறிக்கச் சொல்ல வேண்டும். 61 மீட்டர் நீளத் தளத்தைக் குறுக்காகத் தடுத்து, சின்னச் சின்னப் பகுதிகளில் இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று என ஆட விடுவது இதற்கு ஏற்ற வழி. இடம் சுருங்கினால் வட்டு அடிக்கடி கைமாறும், டிரான்சிஷன் தானாகவே வந்துகொண்டிருக்கும். அமெரிக்க ஹாக்கி அமைப்பு 2009இல் கொண்டுவந்த வளர்ச்சித் திட்டம் சிறுவர்களுக்கு இந்த முறையைத்தான் வலியுறுத்தியது. பெரியவர்களின் முழுத்தளத்தில் ஆறு வயதுப் பிள்ளையை ஆட விட்டால், ஆட்டம் முழுக்க வட்டைத் தொடாமலே வீடு திரும்பும் பிள்ளைகள் இருப்பார்கள்.

நம் நாட்டில் இந்த விளையாட்டு முக்கியமாக வாழ்வது லடாக்கில். கடல்மட்டத்திலிருந்து 3,500 மீட்டர் உயரத்தில், குளிர்காலத்தில் உறையும் குளங்களில், ஆண்டுக்கு இரண்டு மாதம் போலத்தான் இயற்கைப் பனித்தளம் கிடைக்கும். ஆரம்பகால சோவியத் அணிகளுக்கும் செயற்கைப் பனித்தளம் மிக அரிதாகவே இருந்தது. தராசொவ் அந்தக் குறையைத் தரைப் பயிற்சியால் நிரப்பினார்: தாவல், பளு, கால்பந்து, குட்டிக்கரணம், கையில் ஸ்டிக்கோடு ஓட்டம். சாய்வையும் ஒற்றைக்கால் சமநிலையையும் பக்கவாட்டு உந்தலையும் சக்கர ஸ்கேட்டிலும் வழவழப்பான பலகையிலும் பழகலாம். மென்மையான கையைச் சிமென்ட் தரையில் ஒரு பந்தை வைத்துக்கொண்டே வளர்க்கலாம். பனியில் மட்டுமே செய்யக்கூடியவை இரண்டு: விளிம்பின் பிடியை உணர்வது, வட்டு கைமாறும்போது திரும்புவது. கிடைக்கும் பனி முழுவதும் அந்த இரண்டுக்கே போக வேண்டும். வரிசையில் நின்று தன் முறைக்காகக் காத்திருக்கும் பிள்ளை, ஆண்டில் பத்து மாதம் தனக்குக் கிடைக்காத ஒன்றை வீணாக்கிக்கொண்டிருக்கிறது. அங்கே பயிற்சி தருபவர்களும், உதவ முன்வரும் நன்கொடையாளர்களும் விலை உயர்ந்த கருவிகளுக்கு முன்னால் அந்த வரிசையைக் கலைக்க வழி செய்ய வேண்டும். குறுக்கே நான்கு மரக்கட்டைகளைப் போட்டுத் தளத்தைப் பிரித்தாலே பாதி வேலை முடியும்.

பனி இவ்வளவு அரிதாக இருந்தும் உழைப்பு வீண்போகவில்லை. பெரும்பாலும் லடாக்கையும் இமாச்சலத்தையும் சேர்ந்த பெண்களைக் கொண்ட இந்திய அணி 2016இல்தான் முதல் சர்வதேச ஆட்டத்தில் இறங்கியது. 2025இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் நகரில் நடந்த மகளிர் ஆசியக் கோப்பையில் அது வெண்கலம் வென்றது.